ஆர்.வி. டீலர் தரும் லைஃப்டைம் வாரண்டி: கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டாலஸில் எங்கள் பகுதியில் இருக்கும் தம்பி ஒருவர் ஃபோன் செய்தார். ஆர்.வி., அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பயண வண்டி விற்கும் டீலர் கடையில், கடன், வாரண்டித் தாள்களில் கையெழுத்து வாங்கும் ஃபைனான்ஸ் அறைக்குள் இருந்து குரலைத் தாழ்த்திப் பேசினார். "அண்ணா, டிரெய்லர் விலையெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ லைஃப்டைம் வாரண்டி ஃப்ரீயா தர்றோம்னு சொல்றாங்க. அதுக்கு மேல இன்னொரு பிளான், 3,500 டாலராம், மாசம் 33 டாலர்தான் கூட வரும்ங்கிறாங்க. போட்டுடட்டுமா?" பக்கத்தில் அவர் மனைவி குழந்தையைச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது. காலை 10 மணிக்குப் போனவர்கள், அப்போது மணி 5.

"தம்பி, இப்போ எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. ரெண்டு ஒப்பந்தத்தையும் பக்கம் பக்கமா ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க" என்றேன். அனுப்பினார். அன்று இரவு உட்கார்ந்து முழுதும் படித்தேன். எங்கள் வீட்டிலும் டிரக்கால் இழுத்துப் போகும் 27 அடி ட்ராவல் டிரெய்லர் ஒன்று ஏழு வருடமாக இருக்கிறது, அதற்கும் இதே மாதிரி ஒரு லைஃப்டைம் வாரண்டி கொடுத்தார்கள், அது எப்படி எங்கள் கையை விட்டுப் போனது என்று கீழே சொல்கிறேன். அந்த ராத்திரி தம்பிக்கு எழுதி அனுப்பிய குறிப்புகளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அமெரிக்காவில் ஆர்.வி. வாங்கப் போகும் நம்மவர்கள் யாராவது அந்த அறைக்குள் நுழைவதற்கு முன் படித்தால் எனக்கு சந்தோஷம்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டீலர் கடை உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது, வண்டியை ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறீர்கள், வாரண்டிக்கென்று தனியாக ஒரு டாலர்கூட வாங்கவில்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதை நம்பி வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காசு கேட்டால், பெரும்பாலும் வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

1. கையில் இருப்பது எந்தக் காகிதம் என்று பிரித்துப் பாருங்கள்

ஆர்.வி.க்கு வாரண்டி என்பது கார் மாதிரி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. இந்த வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. அங்கே கம்பெனி செய்வது முக்கியமாக வீட்டுப் பகுதியைக் கட்டிச் சேர்ப்பது. அடிச்சட்டமும் ஸ்லைடும் (வண்டியை நிறுத்தியதும் வெளியே நீளும் அறைப் பகுதி) பெரும்பாலும் லிப்பர்ட், ஆக்சில் டெக்ஸ்டர் அல்லது லிப்பர்ட், ஃபிரிட்ஜும் ஏசியும் டொமெட்டிக் போன்றவர்கள், வாட்டர் ஹீட்டர் சபர்பன், தானே ஓடும் மோட்டார்ஹோம் என்றால் சேஸியும் எஞ்சினும் ஃபோர்டோ மெர்சிடஸோ. இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாரண்டி உண்டு.

வண்டி தயாரிப்பாளரின் வாரண்டி பொதுவாக ஒரு வருடம். ஜேகோ இரண்டு வருடம் தருகிறது, கிராண்ட் டிசைன் கட்டமைப்புக்கு மட்டும் மூன்று வருடம் தருகிறது. இவை எல்லாம் முடிந்த பிறகுதான் டீலரின் லைஃப்டைம் வாரண்டி உயிர் பெறுகிறது. அதாவது முதல் வருடத்தில் அதனால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை, ஆனால் முதல் வருடத்திலேயே அதன் நிபந்தனைகளை நீங்கள் நிறைவேற்றத் தொடங்கிவிட வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள்.

இன்னொரு பிரிவும் முக்கியம். வண்டி விலைக்குள்ளேயே அடங்கி, கூடுதல் காசு இல்லாமல் வருவது வாரண்டி. தனி விலை வைத்து விற்பது சர்வீஸ் காண்ட்ராக்ட், அதை எவ்வளவு அழகாக வாரண்டி என்று அழைத்தாலும் சரி. 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டம் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. அந்தச் சட்டத்தை ஒட்டிய விதிகள்படி, எழுத்தில் வாரண்டி தருகிற கடைக்காரர் அதன் முழு வாசகத்தையும் நீங்கள் வாங்குவதற்கு முன்பே படிக்கக் கொடுக்க வேண்டும். "கையெழுத்து ஆனதும் ஈமெயிலில் வரும்" என்று சொன்னால், உட்கார்ந்து காத்திருங்கள். அது உங்கள் உரிமை.

இதே சட்டத்தில் வாங்குபவருக்குப் பெரிய துணையாக ஒரு பிரிவு இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஒரு டீலர் எழுத்தில் வாரண்டி கொடுத்தாலோ, விற்ற 90 நாளுக்குள் உங்களோடு சர்வீஸ் காண்ட்ராக்ட் போட்டாலோ, அந்தப் பொருள் விற்ற நோக்கத்துக்குத் தகுதியாக இருக்கும் என்று சட்டமே தானாகத் தருகிற உத்தரவாதத்தை அவர் முற்றிலும் மறுக்க முடியாது. "உள்ளது உள்ளபடி விற்றோம், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று விற்பனைத் தாளில் ஒரு வரி எழுதியிருந்தாலும் அது செல்லாது. ஆகவே ஒப்பந்தத்தில் எதிர்த் தரப்பாகக் கையெழுத்துப் போடுவது டீலரா, வேறு கம்பெனியா என்று பாருங்கள். டீலரே போடுகிறார் என்றால் அந்த இலவச வாரண்டிக்கு இந்த வகையில் ஒரு மதிப்பு இருக்கிறது.

2. யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்

லைஃப்டைம் என்ற சொல்லுக்கு, நுகர்வோர் நலனைப் பார்க்கும் மத்திய அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தனியாக ஒரு வழிகாட்டு விதியே வைத்திருக்கிறது. அதில் கார் மஃப்ளரைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள். லைஃப்டைம் என்று விளம்பரம் செய்பவர், அது காரின் ஆயுளா, காரை நீங்கள் வைத்திருக்கும் காலமா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆர்.வி. டீலர்களின் ஒப்பந்தங்களில் அநேகமாக இது "நீங்கள் வண்டியின் சொந்தக்காரராக இருக்கும் வரை" என்று இருக்கும். விற்றால் முடிந்தது. வாங்குபவருக்கு மாற்றித் தர முடியாது, அதனால் விற்கும்போது வண்டிக்குக் கூடுதல் விலையும் கிடைக்காது. குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும்போது வாங்கி, அவர்கள் ஹைஸ்கூல் போனதும் விற்றுவிடும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணக்கில் அது எத்தனை வருடம் என்று நேர்மையாக ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிலிருந்து தயாரிப்பாளர் வாரண்டி இருக்கும் வருடங்களைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் லைஃப்டைம்.

3. ரிப்பேர் காசை யார் கொடுப்பார்கள்?

ஒப்பந்தத்தில் ஆப்ளிகார் என்றொரு சொல் இருக்கும், கடைசியில் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று பொருள். அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இன்னொரு பெயர் இருக்கும், அவர் க்ளைமை வாங்கி ஒத்துக்கொள்வதா மறுப்பதா என்று முடிவு செய்பவர். மூன்றாவதாக ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும், ஆப்ளிகார் கவிழ்ந்தால் அவர்கள் தருவார்கள். மூன்றாவது பெயர் இல்லை, டீலர் மட்டுமே பொறுப்பு என்றால், அந்தக் கடை திறந்திருக்கும் வரைதான் உங்கள் வாரண்டி.

இது வெறும் பயமுறுத்தல் கிடையாது. 2003-இல் நேஷனல் வாரண்டி இன்ஷூரன்ஸ் என்ற நிறுவனம் திவாலாகி, நாடு முழுக்க அதை நம்பி வாகன சர்வீஸ் காண்ட்ராக்ட் வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். வாகன சர்வீஸ் காண்ட்ராக்ட் விற்ற யு.எஸ். ஃபிடெலிஸ் 2010-இல் திவால் மனு கொடுத்தது. தயாரிப்பாளர்கள் பக்கமும் அப்படித்தான், 2009-இல் ஃப்ளீட்வுட், மொனாக்கோ போன்ற பெரிய பெயர்களே திவால் நீதிமன்றத்துக்குப் போயின. அப்புறம், ஆர்.வி. கடைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக வாங்குபவர் இடத்தையும் நிற்கும் வண்டிகளையும் மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய முதலாளி கொடுத்த வாக்குறுதிகளை ஏற்காமல் விடுவதும் நடக்கும். "கடை கைமாறினால் இந்த வாரண்டி தொடருமா, எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். வாயால் சொன்ன பதில் போதாது, பக்க எண் வேண்டும்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்குச் சோதித்துப் பார்க்க வழி சுலபம். சர்வீஸ் காண்ட்ராக்ட் தருகிற நிறுவனங்கள் மாநிலத்தின் லைசென்சிங் துறையில், அதாவது டி.டி.எல்.ஆர்.-இல் பதிவு செய்திருக்க வேண்டும், ஆன்லைனிலேயே பெயர் போட்டுத் தேடலாம். கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா போன்ற இடங்களில் இன்ஷூரன்ஸ் துறை பார்த்துக்கொள்கிறது. ஐந்து நிமிட வேலை, அந்த அறையில் உட்கார்ந்துகொண்டே ஃபோனில் செய்துவிடலாம்.

4. வருடாந்தரப் பரிசோதனை: வாரண்டி செத்துப்போகும் இடம்

நான் படித்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் இந்த நிபந்தனை இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, வாங்கிய தேதியை ஒட்டிய 30 நாளுக்குள், விற்ற கடைக்கே வண்டியைக் கொண்டுபோய், காசு கொடுத்துப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு வருடம் தவறினால், அதோடு சரி. திரும்ப உயிர்ப்பிக்க வழி கிடையாது.

டீலர் ஏன் லைஃப்டைம் வாரண்டியை இலவசமாகத் தருகிறார் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. உங்களை ஒவ்வொரு வருடமும் அவருடைய சர்வீஸ் ஷெட்டுக்கு வரவைக்கிறது இந்த ஒரு வரி. அதில் தப்பு ஒன்றும் இல்லை, கடை நடத்துபவர் அதைத்தான் விரும்புவார். ஆனால் நீங்கள் அதை ஒரு செலவாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். கடை வீட்டிலிருந்து 140 மைல், நல்ல விலை கிடைத்தது என்று அவ்வளவு தூரம் போய் வாங்கினோம். பரிசோதனைக்கு 389 டாலர். டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனால் எங்கள் டிரக் கேலனுக்கு 10 மைல் கொடுக்கும், போக வர 280 மைல், 28 கேலன், கேலன் 3 டாலர் என்று வைத்தாலே 84 டாலர். ஆக வருடத்துக்கு 473, பத்து வருடத்தில் 4,730 டாலர், இதில் ஒரு முழுநாள் லீவு சேரவில்லை. பரிசோதனையில் ஏதாவது கண்டுபிடித்து "இதைச் சரி செய்தால்தான் வாரண்டி தொடரும்" என்று சொன்னால் அது தனி. முதல் வருடமே கூரை சீலண்ட், அதாவது தண்ணீர் புகாமல் இணைப்புகளை அடைக்கும் பசை, வெடித்திருக்கிறது என்று 600 டாலர் சொன்னார்கள். சீலண்ட் டியூப் 20 டாலர்கூட ஆகாது.

இரண்டு வருடம் ஒழுங்காகப் போனோம். மூன்றாவது வருடம் கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே ஃபோன் செய்தேன், ஏழு வாரம் கழித்துத்தான் இடம் இருக்கிறது என்றார்கள். கோடைக்காலம், ஷெட் நிறைந்திருக்கிறது என்று எனக்கும் புரிந்தது. "அப்போ என் 30 நாள் கெடு தாண்டிடுமே?" என்று கேட்டேன். "அதெல்லாம் பரவாயில்லை, நீங்க கேட்டது சிஸ்டத்துல பதிவாகியிருக்கு" என்று ஃபோனில் ஒருவர் சொன்னார். நம்பினேன், அவர்கள் தந்த தேதியில் போய்ப் பரிசோதனையும் செய்தேன், காசும் கட்டினேன். அடுத்த ஏப்ரலில் ஃபிரிட்ஜ் குளிர்விப்பதை நிறுத்தியது. க்ளைம் போட்டோம். நான்கு நாளில் பதில் வந்தது: மூன்றாம் ஆண்டுப் பரிசோதனை கெடுவுக்குப் பிறகு செய்யப்பட்டதால் ஒப்பந்தம் காலாவதி. ஃபோனில் பேசியதற்கு எந்தப் பதிவும் இல்லையாம். 1,900 டாலர் கைக்காசு போட்டு வேறு இடத்தில் மாற்றினோம்.

அந்தக் கடைக்காரர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேதி கொடுக்கும் அதிகாரமும் தேதி தவறினால் ரத்து செய்யும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கிறது, அதனால் நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "வாடிக்கையாளர் கெடுவுக்குள் நேரம் கேட்டிருந்தால், கடை பிறகு தந்த தேதியும் கெடுவுக்குள் வந்ததாகவே கொள்ளப்படும்." எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்குப் பதில். அதே வாரண்டிக்கு நம் ஊரில் வேறு கடையில் பரிசோதனை செய்துகொள்ளலாமா, மொபைல் டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து செய்தால் ஏற்பார்களா என்றும் கேளுங்கள். ஏற்பார்கள் என்றால் வாரண்டியின் மதிப்பு சட்டென்று உயர்ந்துவிடும்.

5. என்ன சேரும், என்ன சேராது: தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள்

ஒப்பந்தத்தின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் பாகங்களின் பட்டியல் இருக்கும். ஏசி, ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஃபிரிட்ஜ், ஸ்லைடு மோட்டார், ஜாக், தண்ணீர் பம்ப். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டு, சேராதவை என்ற பக்கத்துக்குப் போங்கள், அங்கே தண்ணீர் என்ற சொல்லைத் தேடுங்கள்.

ஆர்.வி.யைக் கொல்வது தண்ணீர். எங்கள் டிரெய்லரை வாங்குவதற்கு முன் பழைய வண்டி ஒன்றைப் பார்க்கப் போனோம், உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது, படுக்கைக்குப் பின்னால் இருந்த மூலையில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன், நனைந்த ரஸ்க் மாதிரி சுவர் உள்ளே போய்விட்டது. வெளியே வந்து அதே மூலையை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் டக் டக் என்று வர வேண்டிய சத்தம் பொத் பொத் என்று வந்தது. கூரையில் ஏணி திருகிய இடத்தில் சீலண்ட் தலைமுடி அளவுக்கு வெடித்திருந்தது, அவ்வளவுதான். அந்த வெடிப்பு வழியாகப் பல மழைக்காலம் இறங்கிய தண்ணீர் மரச்சட்டத்தை அரித்து, வெளிச் சுவரின் ஃபைபர் தகட்டை உப்ப வைத்திருந்தது. இதைச் சரி செய்யும் செலவு வண்டி விலையின் பாதியைத் தொடும்.

நான் இதுவரை முழுதாகப் படித்த நான்கு லைஃப்டைம் ஒப்பந்தங்களில் ஒன்றில்கூட இது சேரவில்லை. தண்ணீர் கசிவு, அழுகல், சுவர் உப்பிப் பிரிவது, கூரை, சீலண்ட், ஜன்னல் ரப்பர் எல்லாம் வெளியே. அதோடு, கசிவால் உள்ளே உள்ள ஏசியோ சர்க்யூட் போர்டோ கெட்டால், அது கான்சிக்வென்ஷியல் டேமேஜ், அதாவது ஒன்றால் விளைந்த இன்னொரு சேதம் என்று சொல்லி அதையும் விலக்கியிருந்தார்கள். வண்டியின் பெரிய ஆபத்துக்கு வாரண்டி இல்லை, நடுத்தரமான ரிப்பேர்களுக்குத்தான் இருக்கிறது என்பதை மனதில் வைத்து மதிப்புப் போடுங்கள்.

தேட வேண்டிய வேறு சொற்கள்: வேர் அண்ட் டேர், அதாவது நாளடைவில் தேய்ந்தது. பத்து வருட ஃபர்னஸில் எது உடைந்தது, எது தேய்ந்தது? அந்த வரி இருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் பக்கம்தான் தராசு சாயும். மோட்டார்ஹோம்களுக்குப் பல லைஃப்டைம் வாரண்டிகள் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஆக்சில் மூன்றுக்கு மட்டும்தான் வரும். வருடத்துக்குச் சில ஆயிரம் மைல் ஓடும் வண்டியில் எஞ்சின் போவது அபூர்வம், சேஸி கம்பெனியே சில வருடத்துக்குத் தனியாக வாரண்டி தருகிறது. வீட்டுப் பகுதிக்கு ஒன்றும் இல்லாத அந்த மாதிரி வாரண்டியை நான் ஒரு பொருட்டாகவே எடுக்க மாட்டேன்.

6. பணத்தின் உச்சவரம்பு

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒவ்வொரு ரிப்பேருக்கும் நீங்கள் முதலில் கட்ட வேண்டிய டிடக்டிபிள் எவ்வளவு, அது ஒரு வருகைக்கா, ஒவ்வொரு பாகத்துக்குமா? மொத்த க்ளைம் எங்கே நிற்கும்? சிலவற்றில் வாங்கிய விலை வரை, சிலவற்றில் அன்றைய சந்தை மதிப்பு வரை. பத்து வருட டிரெய்லரின் சந்தை மதிப்பு என்னவென்று யோசியுங்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? ஆர்.வி. ரிப்பேரில் பாதி நேரம் கண்டுபிடிப்பதில்தான் போகும்.

பயணத்தில் கெட்டால் என்ன செய்வது என்பதையும் கேளுங்கள். நாங்கள் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம், டாலஸிலிருந்து 500 மைலுக்கு மேல். அங்கே ஏசி நின்றால், விற்ற கடைக்குத் திரும்பி வந்துதான் சரி செய்ய வேண்டும் என்று சொல்லும் வாரண்டியால் அந்த ஜூன் மாத வெயிலில் என்ன பயன்? முன் அனுமதி வாங்கி வேறு இடத்தில் செய்துகொள்ளலாம் என்றால், அந்த அனுமதி சனி ஞாயிறில் கிடைக்குமா என்று பாருங்கள்.

7. நீங்கள் பயன்படுத்தும் விதத்தால் ரத்தாகுமா?

வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியிருந்தால் பல ஒப்பந்தங்கள் செல்லாது. அவுட்டோர்சி, ஆர்.வி.ஷேர் போன்ற தளங்களில் வாடகைக்கு விட்டாலும் அப்படித்தான், ஒரு வார இறுதிக்கு விட்டாலும் கணக்கு ஒன்றுதான். நம் ஆட்கள் மாதத் தவணையைச் சமாளிக்க வாடகைக்கு விடலாம் என்று யோசிப்பது சகஜம், அந்த எண்ணம் இருந்தால் முதலிலேயே இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். சோலார் பலகை, லித்தியம் பேட்டரி போட்டு மின்சார அமைப்பை மாற்றினாலும் சிக்கல் வரலாம்.

8. ஃபைனான்ஸ் அறைக்குள் எப்படிப் பேசுவது?

இலவசம் என்கிறார்களா? "இந்த வாரண்டி வேண்டாம், அதைக் கழித்துவிட்டு என்ன விலை?" என்று கேளுங்கள். விலை இறங்கினால், அது இலவசமாக இருந்ததில்லை. இறங்கவில்லை என்றால் அதே மாடலுக்கு வேறு இரண்டு மாநிலக் கடைகளில் எழுத்தில் விலை வாங்கி ஒப்பிடுங்கள். டிரெய்லர்களின் ஸ்டிக்கர் விலையை நம்ப வேண்டாம், அதில் பெரிய அளவில் குறைத்துத்தான் விற்கிறார்கள்.

கடையில் தம்பிக்குச் சொன்ன அந்த மாதம் 33 டாலர் கணக்கைப் பார்ப்போம். 3,500 டாலரை 8 சதவீத வட்டியில் 15 வருடக் கடனில் சேர்த்தால் மாதத்துக்கு 33 டாலர் 45 சென்ட். 180 மாதத்தில் சுமார் 6,020 டாலர். வண்டியை ஏழாவது வருடம் விற்றுவிட்டால் வாரண்டி போய்விடும், ஆனால் அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தை விற்ற பணத்திலிருந்து நீங்கள்தான் அடைக்க வேண்டும். அவசரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய சர்வீஸ் காண்ட்ராக்டை டெக்சாஸில் 30 நாளுக்குள் ரத்து செய்தால், ஏதும் க்ளைம் வாங்கியிருக்காத பட்சத்தில், முழுப் பணமும் திரும்ப வரும். அதற்குப் பிறகும் மிச்சக் காலத்துக்கு ஏற்ற பங்கு கிடைக்கும். கடனில் சேர்த்திருந்தால் பணம் பேங்குக்குப் போய் அசலில் கழியும்.

9. அந்தக் காசை வேறெங்கே போட்டால் நல்லது?

டெலிவரி எடுக்கும் முன் வண்டியை முழுதாகச் சோதிப்பதில் போடுங்கள். என்.ஆர்.வி.ஐ.ஏ. என்ற தேசிய ஆர்.வி. பரிசோதகர் சங்கத்தின் சான்று பெற்ற ஒருவரைக் கூலிக்கு அமர்த்தலாம், புது வண்டிக்கும் வருவார்கள். நீங்களே செய்வதாக இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். தண்ணீரைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டு எல்லா அலமாரிக்குள்ளும் கையை விட்டுத் துழாவுங்கள், ஸ்லைடை மூன்று முறை உள்ளே வெளியே ஓட்டுங்கள், ஃபிரிட்ஜை மின்சாரத்திலும் கேஸிலும் தனித்தனியாகக் குளிர விடுங்கள், ஏணி போட்டுக் கூரைக்கு ஏறி ஒவ்வொரு திருகையும் பாருங்கள். குறைகளை எழுதிக் கொடுத்து, சரி செய்த பிறகே பணம் கொடுங்கள். காசோலை உங்கள் கையில் இருக்கும் வரைதான் சர்வீஸ் ஷெட்டில் உங்களுக்கு முதல் இடம்.

அப்புறம், மாதம் 50 டாலர் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஐந்து வருடத்தில் 3,000 ஆகிவிடும், ஒரு ஏசியோ ஃபிரிட்ஜோ மாற்ற அது போதும், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

கூரையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே ஏறிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றே டைகார் சீலண்டைப் போடுங்கள். சக்கர பேரிங்குக்கு டெக்ஸ்டர் சொல்வது 12 மாதம் அல்லது 12,000 மைல். சபர்பன் வாட்டர் ஹீட்டரில் ஆனோட் ராட் என்று ஒரு கம்பி இருக்கும், தொட்டிக்குப் பதிலாகத் தான் அரித்துப்போவதற்காகவே வைத்தது, வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்றுங்கள். கைவேலை பழகவில்லையே என்று தயங்குபவர்களுக்கு, டெக்சாஸின் ஏதென்ஸ் ஊரில் என்.ஆர்.வி.டி.ஏ. என்ற பயிற்சிக்கூடம் இருக்கிறது, சொந்தக்காரர்களும் சேரக்கூடிய ஒரு வார வகுப்பு நடத்துகிறார்கள்.

10. ஏற்கெனவே வாரண்டி கையில் இருந்தால்

அதைக் காப்பாற்றுங்கள், விட்டுவிடாதீர்கள். பரிசோதனைக் கெடுவுக்கு 90 நாளுக்கு முன்பே காலண்டரில் குறியுங்கள். நேரம் கேட்பதை ஈமெயிலில் மட்டுமே கேளுங்கள், ஃபோனில் பேச நேர்ந்தால் பேசி முடித்ததும் "இன்று நீங்கள் சொன்னது இது" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். சீலண்ட் வாங்கிய ரசீது, கூரையின் தேதி போட்ட படம், பேரிங் பில் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

க்ளைம் மறுக்கப்பட்டால், எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். டீலரிடம் நின்றுவிடாமல் அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்புங்கள். அடுத்து மாநிலத் துறைக்கும் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் புகார் கொடுக்கலாம். டெக்சாஸில் 20,000 டாலர் வரை, சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். மேக்னசன்-மாஸ் சட்டத்தின் கீழ் ஜெயித்தால் வக்கீல் செலவையும் எதிர்த் தரப்பிடம் வாங்கித் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதனால் சில வக்கீல்கள் முன்பணம் இல்லாமலே எடுத்துக்கொள்கிறார்கள். என் ஃபிரிட்ஜ் விஷயத்தில் இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒரு ஈமெயில்கூட இல்லாமல் நின்றேன்.

தம்பி மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்பப் போனார். கடை அவர் வீட்டிலிருந்து 25 நிமிடம்தான், ஒப்பந்தத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரும் இருந்தது, டி.டி.எல்.ஆர். பதிவும் சரியாக இருந்தது. இலவச வாரண்டியை எடுத்துக்கொண்டார், 3,500 டாலர் பிளானை வேண்டாம் என்றுவிட்டார். கெடு பற்றிய அந்த ஒரு வரியை முதலில் எழுதித் தர மாட்டோம் என்றார்களாம், எழுந்து வெளியே வந்து கார் சாவியை எடுத்ததும் மேனேஜர் வந்து கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். அவருடைய முதல் பரிசோதனைத் தேதியை என் ஃபோனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.